கரண்டிச் சோறு

சரோஜாதேவி கரண்டியால்தான் சோறு சாப்பிடுவாள். புத்தளத்துப் பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற வீதியில் இறங்கிக் கடலை நோக்கி நடந்தால் வருகிற குடியிருப்பு அது. பால்குடி மறந்த பிள்ளையிலிருந்து பல்லுப் போன கிழவர் வரை எல்லாரும் கையால் பிசைந்து உருட்டிச் சாப்பிடுகிற இடம். அங்கே இவள் ஒருத்தி மட்டும் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியால் கிண்டிக் கிண்டி வாயில் போடுவாள். பார்த்தவர்கள் பவுசு என்றார்கள். துரைசாணி என்ற கணக்கில் ‘யாழ்ப்பாணத்து நோனா’ என்று பட்டமும் வைத்தார்கள். பட்டம் வைக்கச் சனத்துக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

பவுசாவது மண்ணாங்கட்டியாவது. அவளுக்குத் தன் வலக்கையைக் கண்டாலே அருவருப்பு. அந்தக் கை வாய்க்குக் கிட்ட வந்தால் குமட்டும். தேசிக்காய் தேய்த்தாள், சாம்பல் போட்டாள், புளி, கோப்பித்தூள், மண்ணெண்ணெய், சவர்க்காரத்தூள் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தோல் வெடித்து இரத்தம் வந்ததே ஒழிய நாற்றம் போகவில்லை. மற்றவர்களுக்கு அந்த நாற்றம் அடித்ததா என்றால், இல்லை. கழுவிவிட்டு வந்தால் அவள் கையில் சவர்க்கார மணம்தான். ஆனால் அவளுடைய மூக்கு அவள் சொல்லைக் கேட்டால்தானே. சாமிப் படத்துக்கு விளக்கேற்றும்போதுகூடத் தோய்த்துக் காய்ந்த துணியொன்றை அந்தக் கையில் சுற்றிக்கொள்வாள். தன்னுடைய கைதான், ஆனால் தீண்டத்தகாத யாரோ ஒருத்தியின் கை போல அதை ஒதுக்கி வைத்திருந்தாள்.

அந்தக் கை செய்தது என்னவென்றால், ஜபார் முதலாளியின் கருவாட்டு வாடியில் பதினைந்து பதினாறு வருடமாக மீன் வெட்டியது. வாடி என்றால் கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். கடற்கரையில் கிடுகுக் கொட்டில்கள், உப்புத் தொட்டிகள், வெயிலில் விரித்த பாய்கள், அவ்வளவுதான். படகு வந்ததும் மீனைக் கொண்டுவந்து குவிப்பார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து, வயிற்றைக் கீறி, குடலை இழுத்தெறிந்து, கடல்தண்ணீரில் அலசி உப்பில் போட வேண்டும். குடல் போட்ட வாளி மத்தியானத்துக்கிடையில் புளித்துப் பொங்கும். பச்சை ஈ வாளியையும் வாயையும் பேதம் பார்க்காமல் மொய்க்கும். திருக்கை வெட்டுகிற நாளில் கிளம்புகிற வீச்சம் கண்ணை எரிக்கும். மழை பிடித்துக் கருவாடு காயாமல் போனால் புழு வைத்துவிடும். அந்தப் புழுவைத் தட்டித் தட்டி விழுத்தித் திரும்பவும் உப்புப் போடுவதும் இதே கைதான். சொல்லும்போதே வயிற்றைப் புரட்டுகிறது அல்லவா? அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஏனென்றால் அவள் பிறந்த வீடு அப்படிப்பட்டது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்குக் கிட்ட, கோயிலும் கிணறும் வாழைத்தோட்டமுமாக இருந்த வீடு. அப்பா சைவப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அந்த வீட்டில் முட்டை என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். மீன்காரனின் சைக்கிள் ஒழுங்கையால் போய்விட்டால் அம்மா படலையடியில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். மீன்காரன் ஒழுங்கையில் நிற்கக்கூட இல்லை, பாவம், போனான், அவ்வளவுதான். அதற்கே அந்தக் கூத்து.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து அந்த வலிகாமப் பகுதியே பெயர்ந்து ஓடியபோது அக்கா மங்கையர்க்கரசி தென்மராட்சிக்குப் போய், ஆறு மாதத்தில் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். சரோஜாதேவியின் புருசன் யோகராசா அவளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கடல் கடந்து வன்னிக்குப் போனான். வன்னியிலிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து பாலாவி. உப்பு லொறி ஓட்டுகிற வேலை ஒன்று கிடைத்தது. கிடைத்த அடுத்த வருடமே லொறி குடைசாய்ந்து அவன் போய்ச் சேர்ந்தான். கையில் மூன்று வயது மதுசா. சொந்தம் என்று சொல்ல அந்த ஊரில் ஒரு நாய்கூட இல்லை. கடிதம் போட்டால் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேருமோ சேராதோ என்கிற காலம்.

பக்கத்துக் கொட்டிலில் இருந்த அலீமாதான் வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாள் சரோஜாதேவி சத்தியெடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டுக் கத்தியைப் பிடித்தாள், திரும்பவும் எடுத்தாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அலீமா சிரிக்கவில்லை. “புள்ள, வாயால மூச்சு வாங்கு, மூக்கப் பூட்டிரு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். அன்றிலிருந்து சரோஜாதேவிக்கு அவள் அக்கா முறை, அலீமா ராத்தா.

மீன் வெட்டியதைக்கூட அவள் தனக்கு மன்னித்திருப்பாள். பிள்ளைக்காகச் செய்தது என்று ஒரு சாட்டுச் சொல்லிக்கொள்ளலாம். மன்னிக்க முடியாதது வேறொன்று.

அந்த வாடியில் ஒரு வழக்கம் உண்டு. தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று ஓய்ந்து, கடல் அடங்கி, முதல் மீன் கரைக்கு வர முன்னம், ஜபார் முதலாளி குர்ஆனிலிருந்து பாத்திஹா ஓதி வேலையாட்களுக்குச் சஹன் சோறு வைப்பார். சஹன் என்பது அகன்ற பெரிய தட்டம். அதில் சோற்றைக் குவித்து, நடுவில் கறிகளை வைத்து, ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டத்தில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அந்தச் சோறு வந்தபோது சரோஜாதேவி பட்டினி. கடல் மூடிக் கிடந்த மாதங்களில் கூலி இல்லை. கிடைத்த அரிசியைக் கஞ்சியாக்கி மதுசாவுக்குக் கொடுத்துவிட்டுத் தான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். அன்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. அலீமா அவளைக் கையில் பிடித்துச் சஹனுக்குப் பக்கத்தில் இருத்தினாள்.

சோற்றில் மீன் ஆணம் ஊறியிருந்தது, குழம்பை அங்கே ஆணம் என்பார்கள். ஒதுக்க இடமில்லை. அவள் கை போட்டாள். முதல் வாய் சாப்பிடும்போது அம்மாவின் முகம் வந்தது. இரண்டாவது வாயில் அம்மா போய்விட்டாள். பிறகு மீன், முள், ஆணம், பக்கத்துக்காரியின் கை இடித்த சோறு, எல்லாம் உள்ளே போனது. தட்டம் காலியானதும் ஐந்து விரலையும் வாய்க்குள் விட்டு நக்கினாள்.

அது ருசியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பசிக்குத் தின்றேன், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல், அப்படி ருசித்தது. கொட்டிலுக்குப் போய் விரலைத் தொண்டைக்குள் விட்டுச் சத்தியெடுக்கப் பார்த்தாள். வரவில்லை. வயிறு அவளைவிடப் புத்திசாலி, வந்ததை விடமாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டது. “சீ” என்று தன்னையே துப்பினாள். அடுத்த நாள் நிவாரணச் சாமானோடு எப்போதோ வந்த கரண்டியைத் தேடி எடுத்தாள். அன்று தொடக்கம் மரக்கறி, தனித் தட்டம், கரண்டி.

இதில் அநியாயமாகப் போனது மதுசாதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? “அம்மா, கையால தீத்தி விடுங்கோ” என்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பக்கத்துக் கொட்டில்களில் தாய்மார் கவளம் உருட்டித் தீத்துவதைப் பார்த்து வந்து கேட்கிறது. சரோஜாதேவி கரண்டியை நீட்டுவாள். பிள்ளை கரண்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு அழும். அழுது அழுது கேட்காமல் விட்டது. படித்தது, வவுனியாவில் பாலர் பள்ளி ரீச்சராகியது, பத்தொன்பது வயதிலேயே அங்கே கலியாணமும் செய்தது. ஒரு நாளும் தாயின் கையால் ஒரு கவளம் வாங்காமலே வளர்ந்துவிட்டது.

வருடா வருடம் சஹன் சோறு வரும். சரோஜாதேவிக்கு அலீமா தனித் தட்டத்தில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் போட்டு, பக்கத்தில் கரண்டியை வைத்துவிடுவாள். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவள் என்ன சொல்லியிருப்பாளோ.

சண்டை முடிந்து பாதை திறந்து, ரெலிபோன் தொடர்பும் கிடைத்ததும் அக்கா தேடிப்பிடித்தாள். மூத்த மகன் கனடாவுக்குக் கூப்பிடுகிறான், வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது, நீ வந்து இரு என்றாள். சரோஜாதேவி அன்று முழுக்க அழுதாள். வீட்டுக்காக இல்லை, கிணற்றுக்காக. அந்தக் கிணற்றில் நாலு வாளி அள்ளித் தலையில் ஊற்றினால் இந்தக் கை பழைய கையாகிவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. இத்தனை வருடமும் அந்தக் கிணற்றை நினைத்துத்தான் அவள் கரண்டி பிடித்தாள். எப்படியாவது துப்புரவாகி ஒரு நாள் கையால் சாப்பிட வேண்டும், பிறகு செத்தாலும் காரியமில்லை. முதலாளியிடம் சொல்லி வேலையை விட்டாள். பெட்டி கட்டினாள். கரண்டியை மட்டும் பெட்டியில் போடாமல் மேலே வைத்தாள்.

அக்கா முன்னேஸ்வரத்தில் அருச்சனை செய்துவிட்டு, இளைய மகன் டிலக்சனோடு வானில் வந்து இறங்கினாள். அன்றைக்குத்தான் வாடியில் சஹன் சோறு. இறங்கினதும் இறங்காததுமாகச் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தாள்.

“என்னடி சரோ, இதுக்கையே இவ்வளவு காலமும் கிடந்தனீ?”

பதினேழு வருடத்துக்குப் பிறகு கண்ட தங்கச்சி. கட்டிப்பிடிக்க ஓடிவந்தவளை அக்கா கையைக் காட்டி நிற்பாட்டினாள். “கோயிலுக்குப் போட்டு வாறன். வீட்டை போய் முழுகிப்போட்டுக் கதைப்பம்.” டிலக்சன் கண்ணாடியை இறக்கி, “சித்தி, சுகமே?” என்று கேட்டுவிட்டு உடனே ஏற்றிக்கொண்டான். குளிர் வெளியே போய்விடும் பாருங்கள்.

சத்தம் கேட்டு அலீமா வந்தாள். “அக்காவா? வாங்க, இரிங்க. தேத்தண்ணி ஊத்தட்டா?”

“வேண்டாம், நாங்கள் கொண்டு வந்திருக்கிறம்” என்றாள் அக்கா, போத்தலைக் காட்டி.

“அப்பச் சரி. சரோ, போக முந்தி வாடிக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. ஒங்கட தட்டத்தக் கழுவி வெச்சிரிக்கேன்.”

“வாறன் ராத்தா” என்றாள் சரோஜாதேவி.

அலீமா போனதும் அக்காவின் முகம் கோணியது. “ராத்தாவோ? இந்த முறையெல்லாம் இஞ்சையே விட்டிட்டு வா. அங்க நீ புத்தளத்தில தையல் கடை வச்சிருந்தனீ எண்டு சொல்லியிருக்கிறன். கருவாட்டுக் கதை மூச்சு விடக்கூடாது. ஐயரைக் கேட்டு வீட்டை புண்ணியதானம் செய்விக்கிறன். கொஞ்ச நாளைக்குக் குசினிக்கை போகாதை, கிணத்திலையும் நீ அள்ளாதை. ஆரும் அள்ளி ஊத்துவினம்.”

கிணற்றிலும் அள்ளக் கூடாதாம். அக்கா சொல்வது நியாயம்தானே என்றுகூடச் சரோஜாதேவியின் ஒரு மனம் சொன்னது. அப்படிப் பழகிப் போயிருந்தது அந்த மனம்.

அக்காவின் கண் பெட்டியின் மேலிருந்த கரண்டியில் விழுந்தது. “இதென்ன, கரண்டியாலேயே சாப்பிடுறனீ? நல்லகாலம். அம்மாட பிள்ளை எண்டதை மறக்கேல்லை. அந்தக் கையால சாப்பிடாமல் விட்டியே, அது பெரிய விசயம். அங்க வந்தும் இதை விடாதை. ஆரும் கேட்டால் கையில தோல் வருத்தம் எண்டு சொல்லுவம்.”

பிறகு, பசிக்கும், சாப்பிடு என்று சொல்லிக்கொண்டு ரிபன் கரியரைத் திறந்தாள். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. சரோஜாதேவி தன் தட்டத்தை நீட்டினாள். அக்கா ஒரு எட்டுப் பின்னால் நின்று, தட்டத்தில் பட்டுவிடாமல், உயரத்திலிருந்து புட்டைப் போட்டாள். பாதி தட்டத்திலும் பாதி மண்ணிலும் விழுந்தது.

சரோஜாதேவிக்கு அந்தப் போடுகை தெரியும். அம்மா வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் வைத்துக் கூலிக்கு வந்தவர்களுக்குச் சோறு போடுவது இப்படித்தான். எட்ட நின்று, மேலாலே, தொட்டுவிடாமல். அவர்கள் இரண்டு கையாலும் ஏந்துவார்கள். சின்னப் பிள்ளையாக அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்திருக்கிறாள். அம்மாவின் முகத்தில் கோபம் இருந்ததில்லை, தலைப்பின் ஓரத்தால் மூக்கை மூடியிருப்பாள், அவ்வளவுதான். தூ, என்ன வீடு அது! அந்த வீட்டின் கிணற்றுக்குத்தானா இவ்வளவு காலமும் ஏங்கிச் செத்தாள்?

அப்போதுதான் மற்றதும் உறைத்தது. அக்கா இன்றைக்குத்தான் மேலாலே போட்டாள். இவள் தனக்குத் தானே எத்தனை வருடம் போட்டிருக்கிறாள்! தனித் தட்டம், கரண்டி, கையில் துணி. தன்னைத் தானே கோடிப்புறத்தில் குந்த வைத்து, எட்ட நின்று, தொட்டுவிடாமல் சோறு போட்டிருக்கிறாள். தாய்க்காரி தனக்கே அப்படிப் போட்டால் பிள்ளைக்கு எப்படிக் கையால் தீத்த வரும்?

போன வருடம் வன்னியிலிருந்து வாடிக்கு ஒரு பெண் வந்தாள், முகாமிலிருந்து நேரே. எலும்பும் தோலும். சஹனைக் கண்டதும் இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றாள், ஆணம் முழங்கை வழியே ஒழுகியது. சரோஜாதேவி பக்கத்திலிருந்து தன் சேலைத் தலைப்பால் அவளுக்கு வாய் துடைத்துவிட்டாள். “ஆறுதலாச் சாப்பிடு பிள்ளை, உயிரோட வந்தியே, அது காணும்” என்றாள். ஒரு துளி அருவருப்பு வரவில்லை. இதே பட்டினியோடு, இதே மாதிரி, கண் இருட்டிக்கொண்டு ஒருத்தி முன்பும் வந்திருந்தாள். அவளுக்கு மட்டும் யாரும் இப்படி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அவளைத் துப்பிவிட்டுக் கரண்டி தேடப் போய்விட்டாள்.

“என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? சாப்பிடு” என்றாள் அக்கா.

“அக்கா, நான் மீன் திண்டனான்.”

“என்ன?”

“ஒருநாள். வந்த புதுசில. பிள்ளைக்குக் குடுத்துப்போட்டுப் பட்டினி கிடந்தனான். இஞ்ச ஒரே தட்டத்தில இருந்து திண்டனான். விரலெல்லாம் நக்கினனான். நல்ல ருசியாத்தான் இருந்தது.”

“சீ” என்றாள் அக்கா.

சரோஜாதேவி நாள்தோறும் தனக்குச் சொல்லிக்கொண்ட அதே சொல். வேறொருத்தியின் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு கேடுகெட்ட சொல் என்று தெரிந்தது. பசித்த ஒருத்தியைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது?

“நான் வரேல்லை, அக்கா. வீட்டுக்கு வேற ஆரையும் பாருங்கோ.”

“விசரே உனக்கு? பெட்டியெல்லாம் கட்டிப்போட்டு!”

“ஓம். இவ்வளவு காலமும் விசர்தான்.”

அக்கா திட்டினாள், அழுதாள், செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்தாள். எல்லாம் தலைப்பு மூக்கில் இருந்தபடியேதான். கடைசியில் வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சரோஜாதேவி மண்ணில் விழுந்த புட்டைக் கூட்டிக் காகத்துக்குப் போட்டுவிட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு வாடிப் பக்கம் நடந்தாள்.

ஓதி முடிந்து சஹன்களை வைத்துக்கொண்டிருந்தார்கள். அலீமா இவளைக் கண்டதும், கழுவி வைத்த தட்டத்தை எடுத்தாள். பெட்டியில்லாமல் வருகிறாளே என்று பார்த்தாள். சரோஜாதேவி தட்டத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். கரண்டியைப் பருப்புச் சட்டிக்குள் போட்டாள். “ஆக்களுக்கு அள்ளிப் போட உதவும்” என்றாள். பிறகு போய்க் கையைக் கழுவினாள். ஒரு தரம்தான் கழுவினாள்.

சஹனைச் சுற்றியிருந்த பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அலீமா மீனைத் தன் பக்கம் இழுத்து, பருப்பையும் கத்தரிக்காயையும் இவள் பக்கம் தள்ளினாள். “மீன் வேணாந்தானே?”

“வேண்டாம் ராத்தா. எனக்கு மரக்கறிதான் விருப்பம்.”

கையைப் போட்டாள். சோறு சுட்டது. இத்தனை வருடத்தில் சோறு விரலைச் சுடும் என்பதே மறந்துவிட்டது. பிசைந்து உருட்டினாள், பழக்கம் விட்டுப்போன கையில் முதல் கவளம் உதிர்ந்தது. இரண்டாவதை இறுக்கி உருட்டி மூக்குக்கு நேரே கொண்டுவந்தாள். பருப்பு மணத்தது, அதற்குக் கீழே லேசாக மீனும் மணத்தது. குமட்டுமா என்று ஒரு கணம் பார்த்தாள். குமட்டவில்லை. அது வேலை செய்த கையின் மணம், வேறொன்றுமில்லை. மதுசாவுக்குத் தீத்துவது போல, மெதுவாகத் தன் வாய்க்குள் வைத்தாள். கண்ணால் வழிந்தது, துடைக்கவில்லை.

“உப்புக் காணுமா?” என்று கேட்டாள் அலீமா, சோற்றைப் பார்த்துக்கொண்டே.

“காணும், ராத்தா.”

எல்லாரும் சாப்பிட்டு எழும்பினார்கள். அலீமா கை கழுவுகிற செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“பொறுங்கோ, இன்னும் முடியேல்லை” என்றாள் சரோஜாதேவி. பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, ஆறுதலாக, நக்கினாள்.